அசுவினி இல்லாத எறும்புகள்

எறும்பைப் பற்றி எழுதாத தமிழ்க் கவிஞர் அரிது. எறும்பைப் பார்த்து எழுதியவர் அதனினும் அரிது. சிற்றிதழ்களையும் இணைய இதழ்களையும் கல்லூரிக் கருத்தரங்க மலர்களையும் விடாமல் வாசிக்கும் பழக்கமுடையவர்கள் என்ற முறையில் இதைச் சற்றுக் கசப்புடனேயே சொல்கிறோம். நம் எழுத்தில் ஊர்கின்ற எறும்புகள் மூன்றே வகைதான். பூச்சியியலாளர் பல்லாயிரம் இனங்களைப் பெயரிட்டு வைத்திருக்கலாம். நமக்கு மூன்று போதும்.

முதலாவது நீதி எறும்பு. ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று தொடங்கி, சுறுசுறுப்பு, சேமிப்பு, ஒற்றுமை என்று ஊர்ந்து, பட்டிமன்ற மேடையில் கைதட்டலோடு முடிவது. இரண்டாவது தோழர் எறும்பு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து வரிசையாக வெளியே வரும் ஒப்பந்தத் தொழிலாளரைக் காட்ட வேண்டுமா, எழுது ‘எறும்புகளைப் போல’ என்று. அந்தத் தொழிலாளியின் முகம், ஊர், வாங்குகிற கூலி எதையும் பார்க்க வேண்டாத வசதி அதில் இருக்கிறது. மூன்றாவது முன்னோர் எறும்பு. இது கருத்தரங்குகளில் மட்டும் வாழ்வது. சங்கப் பாடல்களில் எத்தனை இடத்தில் எறும்பு வருகிறது என்று எண்ணி, அட்டவணை போட்டு, ‘நம் முன்னோர் அன்றே சூழலியல் அறிந்திருந்தனர்’ என்று முடித்தால் ஒரு சான்றிதழும் மதிய உணவும் உறுதி.

இம்மூன்றும் வரிசையாகப் போகின்றன. எங்கே போகின்றன, அந்த வரிசையின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் குற்றச்சாட்டு அதுதான்.

மறுமுனையில் இருப்பது, பெரும்பாலும், அசுவினி.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாத்தி நிலமோ, மொட்டை மாடியில் தென்னைநார்க் கழிவு நிரப்பிய நான்கு பைகளோ வைத்திருக்கும் எந்தக் குடும்பத்தலைவிக்கும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மார்கழிப் பனியும் தை மாத வெயிலும் மாறி மாறி விழுகின்ற நாட்களில் அவரைப் பந்தலின் இளந்தளிரைப் பார்க்க வேண்டும். பூங்கொத்தின் காம்பு முழுதும் கறுப்பாக மின்னும். ‘பேன் விழுந்துவிட்டது’ என்பார்கள். வேளாண்துறையின் துண்டுப் பிரசுரம் அதை அசுவினி என்னும். விண்மீனின் பெயரைத் தாங்கிய இந்தப் பூச்சிக்கு, நாம் படித்த நவீன கவிதைகளில் ஒரு வரி இடம்கூடக் கிடைத்ததில்லை. காம்பைச் சுற்றிக் கட்டெறும்புகள் மேலும் கீழும் நடக்கும். கீழே உள்ள இலைகள் பிசுபிசுக்கும். சில நாளில் அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் படர்ந்து, இலை அடுப்புக்கரி பூசியதுபோல் ஆகும்.

நடப்பது இதுதான். இலையில் சமைத்த சர்க்கரையைச் செடியின் மற்றப் பகுதிகளுக்குக் கொண்டு செல்லும் நுண்குழாய்களில் அசுவினி தன் ஊசிவாயைச் செருகுகிறது. சாறு அழுத்தத்தோடு ஓடுவதால் தானாகவே உள்ளே பாய்கிறது. அதில் சர்க்கரை மிகுதி, வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ சொற்பம். பற்றாக்குறையை ஓரளவு ஈடுகட்ட அசுவினியின் உடலுக்குள்ளேயே ‘புக்னெரா’ என்ற நுண்ணுயிர் குடியிருந்து சமைத்துப் போடுகிறது. ஆயினும் நிறைய உறிஞ்சினால்தான் கட்டுப்படியாகும். உறிஞ்சியதில் மிஞ்சிய சர்க்கரை நீர் பின்வழியே துளித்துளியாக வெளியேறுகிறது. முதுகின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் இரு சிறு குழல்களிலிருந்து அந்தத் தேன் சுரப்பதாக நெடுங்காலம் நம்பினார்கள். அப்படியில்லை. குழல்கள் ஆபத்து நேரத்தில் மெழுகுபோன்ற துளியையும் எச்சரிக்கை மணத்தையும் விடுபவை. தேன் வருவது மலவாயிலிருந்து. ‘தேன்துளி’ என்று பூரிக்கும் அன்பர்கள் இந்தச் செய்தியை எவ்வாறு எடுத்துக்கொள்வார்களோ!

எறும்பு தன் உணர்கொம்புகளால் அசுவினியின் வயிற்றைத் தட்டித் தடவுகிறது. அசுவினி வயிற்றை உயர்த்தி ஒரு துளி தருகிறது. எறும்பு குடித்துவிட்டு அடுத்ததற்குப் போகிறது. இதற்குக் கைம்மாறாக, அசுவினியைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதன் உடலுக்குள் முட்டையிட வரும் நுண்குளவியையும் எறும்பு விரட்டுகிறது. இங்கேதான் நம் கட்டுரையாளர்கள் உருகிப் போகிறார்கள். ‘இயற்கையின் நட்பு’, ‘கூட்டுறவு வாழ்வு’, ‘எறும்பு வளர்க்கும் பசு’. அண்மையில் வாசித்த ஒரு கட்டுரை, மனிதர்கள் எறும்பிடமும் அசுவினியிடமும் அன்பைக் கற்க வேண்டும் என்று முடிந்திருந்தது. எழுதியவரிடம் அவரைச் செடி இல்லை என்பது மட்டும் உறுதி.

பார்த்தவர் எப்படி எழுதுவார் என்பதற்கு டார்வின் இருக்கிறார். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில், இயல்பூக்கம் பற்றிய இயலில் ஒரு சிறு சோதனையை விவரிக்கிறார். சுக்கான் கீரை இனத்துச் செடி ஒன்றில் ஏறத்தாழப் பன்னிரண்டு அசுவினிகள். எறும்புகளை அகற்றிவிட்டுப் பல மணி நேரம் அண்டவிடாமல் செய்கிறார். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்க்கிறார். ஒன்றும் துளி விடவில்லை. ஒரு மயிரிழையை எடுத்து எறும்பு தடவுவது போலவே தடவிப் பார்க்கிறார், அதற்கும் இல்லை. பிறகு ஓர் எறும்பை விடுகிறார். அதன் கொம்பு பட்ட மாத்திரத்தில் ஒவ்வொன்றும் வயிற்றைத் தூக்கித் துளி விடுகிறது. பிறந்து சில காலமேயான குஞ்சுகள்கூட. இவ்வளவையும் பார்த்துவிட்டு அவர் எட்டும் முடிவு எவ்வளவு நிதானமானது! அந்தக் கழிவு பிசுபிசுப்பானது, அதை அகற்றிக்கொள்வது அசுவினிக்கும் வசதியாக இருக்கலாம், ஆகவே எறும்பின் நன்மைக்காக மட்டுமே அது இதைச் செய்வதாகக் கொள்ள வேண்டியதில்லை என்கிறார். ஒரு மயிரிழை, ஒரு கண்ணாடி, சில மணி நேரம். நம் கவிஞர்களுக்கு இவற்றுள் எது கிடைக்கவில்லை?

அதன் பிறகு வந்த ஆய்வுகள் ‘நட்பு’ என்ற சொல்லை இன்னும் சங்கடப்படுத்துகின்றன. ஜப்பானில் கருவாலி மரத்து அசுவினி ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு: எறும்பு கவனிக்கும் அசுவினிகள் சிறு துளிகளை அடிக்கடி விடுகின்றன, உடலும் சிறுத்துப் போகின்றன. 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் கண்டது: எறும்பு நடந்த தடத்தில் எஞ்சும் வேதிப்பொருள் அசுவினிகளின் நடையைத் தளர்த்துகிறது; அவை அதிகம் அலையாமல் அங்கேயே கிடக்கின்றன. புரதம் வேண்டியபோது அதே எறும்பு அதே அசுவினியைத் தின்றுவிடுவதும் உண்டு. நண்பர்கள் ஒருவரையொருவர் இப்படி நடத்துவதில்லை.

உடனே தோழர் எறும்புக்காரர்கள் எழுந்து, ‘பார்த்தீர்களா, சுரண்டல்!’ என்பார்கள். அதுவும் பொருந்தாது. எறும்பில்லாத காம்பில் பொறிவண்டு வந்து இறங்கினால் சில நாட்களில் அசுவினிக் கூட்டமே காணாமற் போய்விடும். காவல் மெய்யானது, அதற்குக் கொடுக்கும் விலையும் மெய்யானது. எந்த அளவுக்கு எது என்பது செடியைப் பொறுத்து, பருவத்தைப் பொறுத்து, எந்த எறும்பு என்பதைப் பொறுத்து மாறுகிறது. இந்த மாற்றத்தைச் சொல்லத் தமிழில் நட்பு, பகை என்ற இரண்டு சொற்கள்தான் உள்ளனவா? வாரம், குத்தகை, பண்ணையாள், மேய்ச்சற்கூலி, பாதுகாவல் என்று உழவுத் தமிழில் உறவுகளுக்கு எத்தனை நுட்பமான பெயர்கள் இருந்தன! அவற்றில் ஒன்றை எடுத்து எறும்பின் நெற்றியில் ஒட்ட வேண்டும் என்பதல்ல நம் கருத்து. நட்புக்கும் பகைக்கும் இடையில் அத்தனை படிகளைப் பார்த்த மொழி இது என்பதை மறந்துவிட்டு எழுதாதீர்கள் என்கிறோம்.

இருவர் நட்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் மூன்றாமவரை முழுதாக மறந்துவிடுகிறார்கள் என்பது இன்னும் பெரிய குறை. சாறு அவரையுடையது. பழனி மலைச் சரிவுகளில் விருப்பாட்சி வாழைக்கு நேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். முடிக்கொத்து நோய் என்ற வைரஸ் நோய் அந்த மலைத்தோட்டங்களை அழித்து, பரப்பைப் பெரிதும் குறைத்தது. அந்த வைரஸை ஒரு கன்றிலிருந்து இன்னொரு கன்றுக்குச் சுமந்து செல்வது வாழை அசுவினி. அதையும் இலையுறைக்குள் காத்து நிற்பவை எறும்புகள்தாம். புவிசார் குறியீடு வாங்கிய அந்தப் பழம் இன்று கடையில் அரிதாகக் கிடைப்பதன் பின்னால் இந்த ‘நட்பும்’ இருக்கிறது.

*

முன்னோர் எறும்புக்கு வருவோம். தொழில்முறையில் இது நமக்கு நெருக்கமானது. கோபமும் அதனால் அதிகம்.

தொல்காப்பிய மரபியல் சிதலையும் எறும்பையும் மூவறிவு உயிர்களில் வைக்கிறது: தொடுவுணர்வு, சுவை, நாற்றம். அவரைக் காம்பில் நிகழும் கொடுக்கல் வாங்கலை இம்மூன்றைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது வியப்புத்தான். கொம்பால் தொடுதல், சர்க்கரையைச் சுவைத்தல், தடத்தையும் எச்சரிக்கையையும் மணத்தால் அறிதல். ஆனால் இதை வைத்துக்கொண்டு ‘தொல்காப்பியர் அசுவினி ஆய்வை அன்றே முடித்துவிட்டார்’ என்று கட்டுரை எழுதுகிறவர்களை என்ன செய்வது? கட்டெறும்புக்குக் கண் உண்டு. முயிறு நன்றாகவே பார்க்கும். கிட்டே போய் விரலை நீட்டிப் பாருங்கள், கொடுக்கை விரித்து உங்கள் பக்கம் திரும்பும். தொல்காப்பியரின் வகைப்பாடு ஒரு பெரும் சிந்தனை. அதைப் பெருமைப்பட்டயமாகச் சட்டமிட்டு மாட்டும்போது அது சிந்தனையாக இருப்பது நின்றுபோகிறது.

அதே முன்னோரின் மெய்யான திறன் வேறிடத்தில் இருக்கிறது. நற்றிணையின் 180ஆம் பாடலில், வயல்வெளிப் பாகலில் முயிறு மொய்த்த கூடு ஒன்று. நாரை அதில் உரசுகிறது. எறும்பும் முட்டையும் கலந்து சிதறுகின்றன. செந்நெல்லோடு வெள்ளரிசி விரவிக் கிடப்பதுபோல் அது தோன்றுகிறது புலவருக்கு. நிறம், வடிவம், அளவு மூன்றும் பொருந்தும் உவமை. முயிற்றுக் கூட்டைக் கலைத்தால் சிவந்த எறும்புகள் வெள்ளை முட்டைகளையும் புழுக்களையும் கவ்வியபடி கொட்டுவதைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் இதை எழுதியிருக்க முடியாது. குறுந்தொகை 12இல் பாலைநிலத்துச் சிறு சுனைகளுக்கு எறும்பு வளை உவமையாகிறது. இரண்டிலும் எறும்பு யாருக்கும் எதையும் போதிக்கவில்லை. சுறுசுறுப்பாக இரு என்று சொல்லவில்லை. எறும்பாக இருக்கிறது, அவ்வளவுதான். சங்கப் புலவரை வணங்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே அவர் செய்ததற்கு நேர்மாறானதைச் செய்கின்ற துறை நம் துறை.

விதிவிலக்குகள் இல்லாமலில்லை. பி. எல். சாமி சங்க இலக்கியத்துச் செடிகொடிகளை ஒவ்வொன்றாகத் தேடி அடையாளம் காட்டினார். மா. கிருஷ்ணன் இதே சென்னையில் இருந்துகொண்டு பார்த்ததைப் பார்த்தபடி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற நூலாக்கினார். அந்த நூலை நம் முதுகலை மாணவர்களுள் எத்தனை பேர் தொட்டிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். விடை மகிழ்ச்சி தராது.

நம் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். பூவிருந்தவல்லி என்று ஒரு ஊருக்குப் பெயர். திருமுல்லைவாயில் என்று இன்னொன்றுக்கு. தொண்டைமானின் யானையை முல்லைக்கொடி சிக்கவைத்த கதையும், மாசிலாமணீசுவரர் கோயிலில் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்களும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதே எருக்கு இன்று புறநகர் ரயில் பாதையோரமும் காலி மனைகளிலும் மண்டிக் கிடக்கிறது. அதன் இளங்குருத்தைத் திருப்பினால் மஞ்சள் நிற அசுவினிகள், கறுத்த கால்களோடு, நெருக்கி அமர்ந்திருக்கும். அரளியிலும் இவையே. எருக்கம்பாலில் உள்ள இதய நச்சைத் தம் உடலில் சேர்த்துக்கொள்பவை; அந்த மஞ்சள் ஓர் எச்சரிக்கை. பெண்ணே ஆணின்றிப் பெண்ணைப் பெறும் குலம் அது. பிறக்கப்போகும் மகளின் வயிற்றுக்குள் பேத்தி ஏற்கெனவே உருக்கொள்ளத் தொடங்கியிருப்பாள். தல புராணம் பாடுகிறவர்களுக்கு இதைவிட என்ன அதிசயம் வேண்டும்? ஆனால் எருக்கு நம் கவிதையில் பாழடைந்த நிலத்தின் படிமம் என்பதற்கு மேல் நகரவில்லை.

*

‘சரி, கவிஞன் பூச்சியியல் படிக்க வேண்டுமா? படிமம் படிமம்தானே?’ என்ற கேள்வி வரும் என்று தெரியும். பூச்சியியல் படிக்க வேண்டாம். ஆனால் சொற்களைக் காவல் காப்பவர்கள் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்கிறோம் அல்லவா? அப்படியானால் சொற்கள் தோட்டத்தில் என்ன செய்கின்றன என்று ஒருமுறை இறங்கிப் பார்க்கக் கடமை உண்டு.

அவரையில் பேன் விழுந்தால் என்ன செய்கிறார்கள்? ‘மருந்து அடிக்கிறார்கள்.’ நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அச்சொல்லின் கொடுமையை நம் இலக்கியம் போதிய அளவு விசாரிக்கவில்லை. வீடுகளில் எறும்புக்குத் தூவிய பி.எச்.சி. பொடி 1997இல் தடைசெய்யப்பட்டது. காய்கறிகளில் மானோகுரோட்டோபாஸ் பயன்படுத்தக் கூடாது என்று 2005இல் உத்தரவு வந்தது. உத்தரவுகள் ஒருபுறம் இருக்க, எந்தப் பூச்சி, எந்தப் புழு என்று பார்க்காமலே கடைக்காரர் கொடுத்ததை வாங்கித் தெளித்து, நான்காம் நாள் அதே கொடியில் காய் பறித்துப் பிள்ளைக்குப் பொரியல் செய்கிற வழக்கம் இந்தத் தெருக்களில் நின்றுவிடவில்லை.

இதில் முதலில் சாவது பொறிவண்டின் புழு. வண்டு அழகாக இருக்கும், யாரும் அதை ஒன்றும் செய்வதில்லை. அதன் புழுவோ கறுத்து, நீண்டு, முள்முள்ளாக, சின்னஞ்சிறு முதலைபோல் தோன்றும். வளர்ந்து முடிவதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்னக்கூடியது. மாடித்தோட்டக்காரர் அதைத்தான் ‘பெரிய பூச்சி’ என்று நசுக்குகிறார். ஏன்? அதற்குத் தமிழில் அவர் அறிந்த பெயர் இல்லை. பெயர் இல்லாததைக் காப்பாற்ற ஒருவராலும் முடியாது. கறுப்பு எறும்பு பிள்ளையார் எறும்பு, கடிக்காது, கொல்லாதே; சிவப்பு கடிக்கும், நசுக்கு. குழந்தைக்கு நாம் கொடுக்கும் பூச்சியியல் இவ்வளவே. இந்த இடைவெளியை நிரப்பியிருக்க வேண்டியவர்கள் எழுதுகிறவர்கள். நாம் அங்கே ‘ஒற்றுமை’ என்று எழுதி வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் வழி எளியது. பால் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து எறும்பைத் தடுத்த வீடுகள் இவை. அதே உத்திதான்: பையைத் தாங்கும் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, இலை சுவரில் படாமல் பார்த்துக்கொண்டால், காவல் விலகுகிறது, பொறிவண்டு தன் வேலையைப் பார்க்கும். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி உதிரும். விறகடுப்புக் காலத்தில் விடியற்காலைப் பனியோடு சாம்பலை அள்ளித் தூவினார்கள். கேஸ் அடுப்பு வந்து சாம்பல் போயிற்று. சாம்பலோடு அந்த அறிவும் போயிற்று.

பெரிய அளவிலும் இதுவே நடந்தது, நம் கண்முன். 2008இல் கோயம்புத்தூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, அசுவினிக்குத் தூரத்து உறவு, அதேபோல் தேன்நீர் விடுவது, எறும்பு சூழ்வது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாம் வெளுத்தன. நஞ்சைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு ‘அசிரோபாகஸ்’ என்ற நுண்குளவி வரவழைக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தமிழகமெங்கும் விடப்பட்டது. சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள குளவி உழவர் குடும்பங்களைக் காப்பாற்றிய கதை இது. இதைப் பற்றிய ஒரு தமிழ்ச் சிறுகதையை யாரேனும் காட்டினால் நன்றியோடு வாசிப்போம்.

2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே கரந்தமலை அடிவாரத்து மக்கள், மஞ்சள் எறும்புகள் ஆடுமாடுகளின் கண்ணைத் தாக்குவதாக முறையிட்டபோது, செய்தித்தாள்கள் திகில்கதை போல எழுதி முடித்தன. அதே இனம் இந்தியப் பெருங்கடலில் கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டுகளைக் கோடிக்கணக்கில் கொன்றது. அங்கே எறும்புப் படைக்குச் சோறு போட்டது மரத்தில் ஒட்டி வாழும் செதிற்பூச்சியின் தேன்நீர். 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த நுண்குளவியை விட்டார்கள்; அது எறும்பைத் தொடவில்லை, சோற்றைத் தொட்டது. மறுமுனையைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வழி தோன்றியது. நம்மவர் அங்கிருந்திருந்தால் எறும்பின் விடாமுயற்சியைப் பாராட்டிக் கவியரங்கம் நடத்தியிருப்பார்கள்.

வரும் தை மாதத்தில் திருமுல்லைவாயில் நிலையத்தில் இறங்கி, கோயிலுக்குப் போகும் வழியில் உள்ள எருக்கில் ஒரு குருத்தைத் திருப்புங்கள். எத்தனை மஞ்சள், அவற்றுள் சிறகு முளைத்தவை எத்தனை, வந்துபோவது கட்டெறும்பா, சிற்றெறும்பா, எதுவுமே வரவில்லையா, பொறிவண்டுப் புழு எந்த இலையின் அடியில் இருக்கிறது என்று பார்த்து, தேதியிட்டு, நாலு வரி உரைநடையில் அனுப்புங்கள். கவிதை வேண்டாம்.